எமில்டா இறங்காத கோயில்கள்

யூன் 9, திங்கள். ஒஸ்லோ

நாளும் திகதியும் போட்டு எழுதச் சொன்னவள் டிலுக்ஷி. என் தங்கச்சி எமில்டாவின் ஒரே மகள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைவிட்டு ஓடிப்போய்விட்டது என்று சொன்னேன். "நீங்கள் கதைக்கிற மாதிரியே எழுதுங்கோ பெரியம்மா" என்றாள். அப்படி எழுதினால் நோர்வேயில் இருக்கிற மரம் எல்லாம் கடதாசிக்கே போய்விடும்.

நான் குருநகரில் இருந்து இங்கே வந்து இரண்டு கிழமை. வந்தது ஊர் பார்க்க இல்லை, சிரிப்புக் காட்ட. எமில்டாவின் மனுசன் பிரகாசம் தை மாதம் வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்றவர், அப்படியே விழுந்து போய்விட்டார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த எமில்டா சோபாவில் இருந்தாள். இருந்தவள் இருந்தவள்தான். அவருடைய ஜாக்கெட்டைப் போர்த்துக்கொண்டு ஐந்து மாதம். கடைக்கு இல்லை, கோயிலுக்கு இல்லை, அவருடைய கல்லறைக்குக்கூட இல்லை. ஆஸ்பத்திரிக் குசினியில் அவளுக்குச் சமையல் வேலை. லீவு இந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் எழும்பாவிட்டால் அந்த வேலையும் போய்விடும். டிலுக்ஷி போனில் அழுதாள். "பெரியம்மா, நீங்கள் வந்தால்தான் அம்மா எழும்புவா."

இரண்டு கிழமையாக ஆடிப் பாடிப் பார்த்தேன். எழும்பவில்லை.

பிரகாசம் கோடை காலத்தில் சுற்றுலா பஸ் ஓட்டியவர். மலைப் பக்கம் எண்ணூறு வருசத்து, மரத்தாலான வேதக்கோயில்கள் இருக்கின்றனவாம், வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு அங்கே போவார். வீட்டுக்கு வந்து அந்தக் கோயில்களைப் பற்றி விடிய விடியச் சொல்லுவார். "ஒருக்கா வாவன்" என்று ஒவ்வொரு வருசமும் கூப்பிடுவார். இவள் ஓவர்டைம் என்று சொல்லுவாள். ஒருநாளும் போகவில்லை.

இன்று காலை தேத்தண்ணீர் குடிக்கும்போது சொன்னேன். "எமில், அந்தக் கோயிலுகளைப் பாக்கப் போவம்."

"நான் வரேல்லை."

"சரி. நான் ஊருக்குப் போய்ச் சொல்லுறன். நோர்வேயில என்ன பாத்தாய் பிலோமினா எண்டு கேட்பினம். தங்கச்சி ஒரு சோபா காட்டினவள், நல்ல வடிவான சோபா எண்டு சொல்லுறன்."

வாய் கோணியது. சிரிப்பு என்று நான் கணக்கு வைத்துக்கொண்டேன்.

"காரில வருவன்" என்றாள். "இறங்கமாட்டன். அவர் கூப்பிடேக்க போகாத இடத்துக்கு இப்ப என்ன முகத்தோட போறது?"

கார் வரைக்கும் வந்தால் போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

யூன் 10, செவ்வாய்

நாள் முழுக்க கார், ஓட்டுகிறவள் டிலுக்ஷி. மலையைக் குடைந்து பாதை போட்டிருக்கிறார்கள். உள்ளே போனால் ஒரு செபமாலை சொல்லி முடித்த பிறகுதான் வெளியே வருகிறது. முதல் குகையில் பயத்தில் சொன்னேன். பிறகு போட்டிக்குச் சொன்னேன்.

மலையில் இருந்து தண்ணீர் விழுகிறது. ஒன்று இரண்டு இல்லை, பார்க்கிற பக்கம் எல்லாம். எங்கள் ஊரில் குழாயடியில் சண்டை பிடிக்கிற சனத்தை இங்கே கொண்டுவந்து இறக்க வேண்டும்.

மத்தியானம் பாணும் மண்ணிறச் சீஸும். சீஸ் என்று நினைத்துக் கடித்தால் தொதல் மாதிரி இனிக்கிறது. எமில்டா பின் சீற்றில் ஜாக்கெட்டோடு. சாப்பிட்டாள். மூத்திரம் பெய்ய மட்டும் இறங்கினாள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

யூன் 11, புதன்

இன்றைக்குப் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கோயிலின் பேரை டிலுக்ஷி மூன்று தரம் சொன்னாள். மூன்று தரமும் என் நாக்கு வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பச்சைச் சரிவில் தனியாக நிற்கிறது. எங்கள் பக்கத்துக் கோயில் என்றால் வெள்ளை அடித்து நீலக் கரை போட்டு, தூரத்தில் வரும்போதே வா வா என்று கூப்பிடும். இது கரிக்கட்டை நிறம். கூரைக்கு மேல் கூரை, அதற்கு மேல் இன்னொரு கூரை, குடைக்கு மேல் குடை பிடித்த மாதிரி. சுவரும் கூரையும் முழுக்கச் சின்னச் சின்ன மரத் துண்டுகள், செதில் செதிலாக. பெரிய பாரை மீன் ஒன்றை வாலில் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கூரை முனைகளில் வாயைத் திறந்துகொண்டு பாம்புத் தலைகள். கொஞ்சம் கீழே சிலுவைகள்.

"ஆர் ஆருக்குக் காவல்?" என்று டிலுக்ஷியைக் கேட்டேன்.

"ரெண்டு பேரும் வேலைக்கு இருக்கட்டும் எண்டு விட்டிருப்பினம், பெரியம்மா."

என் பெறாமகள் நல்லாய் வருவாள்.

செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தேன். அமெரிக்காக்காரர் போல ஒரு சோடி என் காலையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தது. அந்தப் பெண்ணும் கழற்றிவிட்டாள், பாவம்.

வாசல் ஒடுக்கம். இரண்டு பக்கமும் கொடியும் மிருகமும் ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு பின்னிக் கிடக்கின்றன. எது வால், எது கழுத்து என்று விரலால் பிடித்துக்கொண்டே போனேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போதுதான் அந்த மணம் வந்தது. கீல். எங்கள் வள்ளத்தின் அடியில் பூசுகிற அதே மணம். இங்கே பைன் மரத்தில் இருந்து எடுத்துக் கோயில் முழுவதும் பூசுகிறார்களாம், சில வருசத்துக்கு ஒரு தரம், எண்ணூறு வருசமாக.

உள்ளே இருட்டு. கண் பழகப் பழகத் தூண்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு முழு மரம். பிறகு அதற்கு மேலே குறுக்குச் சட்டங்கள், வளைவுகள், பிறகு இன்னும் மேலே. யன்னல் இல்லை. உச்சியில் மட்டும் கையளவு துளைகள். அதால் விழுகிற வெளிச்சம் கீழே வந்து சேர்வதற்குள் களைத்துப் போகிறது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். வள்ளத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி. இல்லை. கடலுக்குக் கீழே இருந்து ஒரு வள்ளத்தின் அடியைப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும். அப்படிப் பார்த்த ஆள் யாராவது வந்து சொன்னால்தான் தெரியும். சரி, அது கிடக்கட்டும்.

தூண்களின் தலையில், அந்த இருட்டில், முகங்கள் செதுக்கி இருக்கிறது. வழிகாட்டிப் பெடியன் டோர்ச் அடித்துக் காட்டினான். ஒன்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. டோர்ச் இல்லாத காலத்தில் இதை யாருக்கென்று செதுக்கினான்? ஒருவரும் பார்க்க முடியாத இடத்தில் இவ்வளவு வேலை.

எங்கள் சின்னக் கோயிலின் கூரையை என் ஆயுளுக்குள் மூன்று தரம் மாற்றிவிட்டோம். ஒரு தரம்தான் கறையானால்.

காருக்கு ஓடிவந்து எமில்டாவுக்குச் சொன்னேன். "ஒரே இருட்டடி. ஆனா அந்த இருட்டைப் பாக்க வேணும்."

"நீ வேற எங்கயோ போயிருக்கிறாய். உள்ளுக்க நிறக் கண்ணாடி யன்னலும் தங்கப் பூச்சும் எண்டு அவர் சொன்னவர்."

"ஒரு கண்ணாடியும் இல்லை."

"அப்ப இது அவர் சொன்ன கோயில் இல்லை" என்று முகத்தைத் திருப்பிவிட்டாள். இறங்கவில்லை.

யூன் 12, வியாழன்

மழை. மூன்று பேரும் ஒரே அறை. எமில்டா குறட்டை விடுகிறாள், இல்லை என்று சாதிக்கிறாள்.

யூன் 13, வெள்ளி

இன்றைக்கு அந்தோனியார் திருநாள். குருநகரில் இப்போது வெடியும் சுவாமியைத் தூக்கி வருகிற கூடும் பாட்டுமாக இருக்கும். காணாமல் போனதைத் தேடித் தருகிற சுவாமி. திறப்புக் கோர்வை, தோடு, அடையாள அட்டை எல்லாம் எனக்கு எடுத்துத் தந்திருக்கிறார். இன்னும் ஒன்று கேட்டு வைத்திருக்கிறேன். பதினேழு வருசம். பெரிய சுவாமி, வேலை கூடுதலாக இருக்கும்.

என் மனுசன் சவிரிமுத்து கடலுக்குப் போயிருக்கிறார். அதைத்தான் சொல்கிறேன். வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி நிறைய இருக்கிறது. இவ்வளவு நாள் என்ன மீன், யாருக்கு வித்தது, காசு எங்கே. செத்தவர் திருநாளில் மற்றவர்கள் எல்லோரும் சவக்காலைக்கு மெழுகுதிரி கொண்டு போவார்கள். நான் போய்க் கதைத்துவிட்டு வருவேன். கடலுக்குப் போனவருக்கு எதற்குத் திரி?

இரண்டாவது கோயில். போகிற வழியில் களஞ்சிய வீடுகள். எலி ஏறாமல் கல்லுக் காலில் தூக்கி வைத்திருக்கிறார்கள். கூரை முழுக்கப் புல். ஒரு கூரையில் ஆடு நின்றது, சத்தியமாக. படம் எடுக்கச் சொன்னேன். ஆடு என்னைப் பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன்.

கோயிலில் ஒரு ஐயா மரத்தைப் பற்றிச் சொன்னார், டிலுக்ஷி தமிழாக்கினாள். மரத்தை உடனே வெட்ட மாட்டார்களாம். தலையையும் கிளைகளையும் தறித்துவிட்டு, நின்ற இடத்திலேயே வருசக்கணக்காக விட்டுவிடுவார்களாம். மரம் செத்தும் சாகாமலும் நிற்கும். தன் காயத்தை மூட உள்ளே இருக்கிற பிசின் எல்லாவற்றையும் ஏற்றி ஏற்றி, கல்லு மாதிரி ஆகிவிடும். பிறகுதான் தறிப்பது. அதனால்தான் இத்தனை வருசமாகப் புழு தொடவில்லை என்று சொல்லுகிறார்கள்.

தூணில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். குளிர்ந்து, வழுவழு என்று. எத்தனை கை பட்டிருக்கும். வெளியே வர மனம் இல்லை. டிலுக்ஷி இரண்டு தரம் வந்து கூப்பிட்டாள்.

காரில் இதை எமில்டாவுக்குச் சொன்னேன். இன்றைக்கு முகத்தைத் திருப்பவில்லை, கேட்டாள்.

"பாவம் அந்த மரம்" என்றேன்.

"உன்னை மாதிரித்தான்" என்றாள்.

"என்னடி?"

"நீயும் பதினேழு வருசமா நிண்டுகொண்டுதானே அக்கா இருக்கிறாய்."

தேத்தண்ணீர்ப் போத்தல் எங்கே என்று கேட்டேன். காலுக்குக் கீழேதான் இருந்தது.

யூன் 14, சனி

நான் நோர்வே நாட்டைக் கொளுத்தப் பார்த்தேன் என்று டிலுக்ஷி சொல்லிக்கொண்டு திரிகிறாள். நடந்தது இதுதான்.

மூன்றாவது கோயில் சின்னன். கடல் மலைக்குள் புகுந்து வந்து நிற்கிற ஒரு கரை, அதன் மேல் கோயில், அதைச் சுற்றிக் கல்லறைகள். கோயிலைப் பார்த்துக்கொள்கிற பெண்ணின் பேர் கூன்வோர். எழுபது வயது இருக்கும், பனை உயரம், காலில் ரப்பர் சப்பாத்து. ஒரு பஸ் சனத்துக்கு வெளியே நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். டிலுக்ஷி கோப்பி வாங்கப் போனாள். எமில்டா வழக்கம் போலக் காரில், சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு.

உள்ளே நான் தனியே. அந்த இருட்டு, அந்த மணம், பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய இரும்புத் தட்டு. கோயிலுக்குள் போய்த் திரி கொளுத்தாமல் வருவது எங்கள் ஆட்களுக்குக் கலியாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் வருகிற மாதிரி. கைப்பையில் ஊரில் இருந்து கொண்டுவந்த மந்திரித்த திரி இருந்தது. இத்தனை வருசம் பிரகாசம் வந்துபோன இடம். பெண்சாதி இறங்க மாட்டாள். மச்சாள் நானாவது அவருக்கு ஒன்று கொளுத்துவோம் என்று நெருப்புக்குச்சியைத் தட்டினேன்.

சைரன்! மலை இரண்டும் சேர்ந்து ஊளையிட்ட மாதிரி.

நான் செய்த முதல் வேலை, குப்புற விழுந்து படுத்ததுதான். ஷெல்லடிக் காலத்துப் பழக்கம். வயிறு தரையில், தலை சனம் இருக்கிற வாங்குக்குக் கீழே. திரியை மட்டும் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மந்திரித்த திரி அல்லவா, நிலத்தில் படக்கூடாது. கூன்வோர் ஓடிவந்து பார்த்தபோது நான் இருந்த கோலம் இது. அவள் குனிந்து, எரிகிற சுடரை வெறும் விரலால் பிடித்து நசுக்கினாள். பிறகு கத்தத் தொடங்கினாள். எனக்குப் பாஷை தெரியாதது நல்லதாகப் போயிற்று.

அப்போது வாசலில் எமில்டா.

வெறும் சொக்ஸ். ஜாக்கெட் காரிலேயே. சைரனைக் கேட்டதும் இவள் படுக்கவில்லை, அக்காவைத் தேடி ஓடிவந்துவிட்டாள். எனக்கும் கூன்வோருக்கும் நடுவில் வந்து நின்றாள். ஐந்து மாதமாகத் தமிழையே எண்ணி எண்ணிப் பேசியவள், நோர்வே பாஷையில் பொரிந்து தள்ளினாள். கையை ஆட்டி ஆட்டி. கூன்வோரும் விடவில்லை. நான் வாங்குக்குக் கீழே இருந்து ஆளை மாறி ஆள் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் சந்தை ஞாபகம் வந்தது. எமில்டா வெல்லுவாள் போல இருந்தது.

பாதி வார்த்தையில் நின்றுபோனாள்.

கத்துகிற வேகத்தில் தலை மேலே போனது, அப்படியே போனபடி நின்றுவிட்டது. வாய் திறந்தபடி. தூண்கள், வளைவுகள், அதற்கு மேல் இருட்டு, இருட்டுக்குள் ஒரு துளை வெளிச்சம். கூன்வோரும் கத்துவதை விட்டுவிட்டாள். இப்படிப் பார்க்கிற ஆளை எத்தனை தரம் கண்டிருப்பாளோ, ஒரு அடி பின்னுக்கு விலகி இடம் விட்டாள்.

எமில்டா ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, எங்க யன்னல்?"

"எந்த யன்னலடி?"

"நிறக் கண்ணாடி. தங்கம். தண்ணிக்குப் பக்கத்தில இருக்கிற சின்னக் கோயில் எண்டு இதைத்தான் அவர் சொன்னவர். இதுதான் திறம் எண்டவர்."

டிலுக்ஷியும் வந்துவிட்டாள், கோப்பி எல்லாம் சிந்தி. எமில்டா கூன்வோரிடம் திரும்பி, பிரகாசம் என்று ஒரு பஸ்காரரைத் தெரியுமா என்று கேட்டாள். போன் படத்தையும் காட்டினாள். கூன்வோர் கண்ணாடி போட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினாள். டிலுக்ஷி எனக்குத் தமிழில் சொன்னாள்: "தனக்கு ஒரு டிரைவரையும் நினைவில்லையாம் பெரியம்மா. அவை உள்ளுக்கே வாறேல்லையாம். தண்ணிக் கரையில பஸ்ஸை விட்டிட்டுக் கதிரையைச் சாய்ச்சுப் படுத்திடுவினமாம். எல்லாரும்."

எமில்டாவின் தோள் குலுங்கியது. போச்சு, அழப் போகிறாள் என்று நான் வாங்குக்குக் கீழே இருந்து எழும்பினேன். அவள் சிரித்தாள்.

"புழுகன்! அக்கா, புழுகன்! இத்தனை வருசமும் பஸ்ஸுக்குள்ள நித்திரை கொண்டிட்டு வந்து எனக்கு யன்னல் விட்டிருக்கிறார்!"

"நல்ல சோடி" என்றேன். "அவர் பஸ்ஸுக்குள்ள, நீ காருக்குள்ள."

வாங்கில் இருந்துவிட்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்குப் பிடிபடவில்லை. டிலுக்ஷி தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நான் உள்ளுக்க வந்திட்டன்" என்று எமில்டா மேலே பார்த்துச் சொன்னாள், யாரையோ தோற்கடித்த குரலில். "நீங்கள் வரேல்லை. நான் வந்திட்டன்."

இதற்குள் தீயணைப்புக்காரர் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவருடைய சேட்டில் வைக்கோல் ஒட்டி இருந்தது. வயலில் இருந்து ஓடிவந்திருக்கிறார். என்னைக் காட்டிக் கூன்வோர் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றிச் சிரித்தார்கள். எனக்குக் கைலாகு வேறு, குலுக்கு குலுக்கென்று.

மிச்சம் பிறகு. கை நோகிறது.

யூன் 15, ஞாயிறு

காலையில் சேலை இரண்டு தோய்த்துக் காயப் போட்டேன்.

இன்றைக்கு இன்னொரு கோயில். கார் நின்றதும் முதலில் திறந்தது பின் கதவு. டிக்கெட்டும் எமில்டாதான் எடுத்தாள். உள்ளே போனவள் அரை மணித்தியாலம் வரவில்லை. டிலுக்ஷி வாசலில் நின்று கண்ணைத் துடைத்தாள், பூந்தாதாம். வெளியே வந்து எமில்டா சொன்னாள்: "நாளைக்குப் போன் எடுத்து ஒண்டாம் திகதி வேலைக்கு வாறன் எண்டு சொல்லப்போறன். அதுக்கு முதல் அவரிட்டப் போக வேணும். நல்லா ஏச வேணும்." கூன்வோரிடம் நேற்றே அந்தக் கல்லறைத் திரி எந்தக் கடையில் விற்கும் என்றும் கேட்டு வைத்திருக்கிறாள்.

அந்தத் திரியைப் பற்றி எழுதாமல் விட்டால் டிலுக்ஷி ஏன் என்று கேட்பாள். ஆகவே எழுதுகிறேன்.

நேற்று எல்லாரும் போன பிறகு கூன்வோர் எங்களைக் கோயிலின் பின் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே நெருப்புக் கூடாது, வெளியே விடிய விடிய எரிக்கலாம் என்றாள். கல்லறைகளுக்கு அப்பால், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு கல். பேர் ஒன்றும் இல்லை. வேறு இடத்தில் கிடக்கிறவர்களுக்கான கல்லாம். உடம்பு கரைக்கு வராதவர்களுக்கும் அதுதானாம். இந்த ஊரிலும் கடலுக்குப் போகிறார்கள்.

மூடி போட்ட குவளைக்குள் திரி வைத்து, காற்றுக்கு அணையாத மாதிரி இங்கே விற்கிறார்கள். எத்தனை வேண்டும் என்று கூன்வோர் கேட்டாள். எமில்டா என்னைப் பார்க்காமல் இரண்டு விரல் காட்டினாள். எனக்கு நோர்வே பாஷை தெரியாது. ஆனால் இரண்டு விரல் எல்லா நாட்டிலும் இரண்டுதான்.

ஒன்றை எமில்டா கொளுத்திக் கல்லடியில் வைத்தாள்.

"மற்றது ஆருக்கடி?" என்று கேட்டேன்.

அவள் நெருப்புப்பெட்டியை என் கையில் வைத்தாள்.

ஒரு மனுசி மெனக்கெட்டுக் கொண்டுவந்து தந்ததைத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை. அதற்காகத்தான் கொளுத்தினேன். மூன்று குச்சி முறிந்தது. நாலாவது பிடித்தது.

பின்னேரம் ஏழு மணி, இங்கே அப்போதும் நடுப்பகல் வெயில். தண்ணீர் முழுக்க மினுக்கம். அந்த வெளிச்சத்தில் சுடர் தெரியவில்லை. எமில்டாவின் குவளையும் என் குவளையும் பக்கத்துப் பக்கத்தில் சும்மா இருக்கிற மாதிரி இருந்தன. அணைந்துவிட்டதோ என்று குனிந்து என்னுடையதற்கு மேல் கையைப் பிடித்தேன்.

சுட்டது.